அந்தப் படம் யாருடையது? குழந்தைகளுக்கு உரிமைகளைக் கலை வழியே சொல்லித்தருவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளோடு உட்கார்ந்து படம் வரைவது, பொம்மை செய்வது, நாடகம் போடுவது, அதற்கு நடுவே அவர்களுடைய உரிமைகளைப் பற்றிப் பேசுவது. பல வருடங்களாக நான் செய்துவரும் வேலை இது. ஆசிரியர், பெற்றோர், தன்னார்வலர் என்று யார் வந்தாலும் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. சிலவற்றுக்கு நாலு வரியே போதுமாக இருந்தது.

குழந்தை உரிமைகள் என்று எதைச் சொல்கிறீர்கள்? யார் எழுதி வைத்தது?

1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கைதான் அடிப்படை. அடுத்த ஆண்டு செப்டம்பர் 2 முதல் நடைமுறைக்கு வந்தது. 54 பிரிவுகள். 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் இதன்படி குழந்தைகள். ஐ.நா. உறுப்பு நாடுகளில் அமெரிக்கா மட்டும் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டது. மற்ற எல்லா நாடுகளும் இதற்குக் கட்டுப்படுவதாக உறுதி கொடுத்திருக்கின்றன.

54 பிரிவையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். 42-க்குப் பிறகு வருபவை பெரும்பாலும் அரசுகளுக்கான நடைமுறை விவரங்கள். நான் கையில் வைத்திருப்பது ஒரு சின்னத் துண்டுச் சீட்டு. பாகுபாடு கூடாது (2), குழந்தையின் நலனே முதன்மை (3), பெயரும் குடியுரிமையும் (7), தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் தன் கருத்தைச் சொல்வது (12), அந்தரங்கம் (16), வன்முறையிலிருந்து பாதுகாப்பு (19), உடல்நலம் (24), கல்வி (28), ஓய்வும் விளையாட்டும் கலையும் (31) என்று அதில் எழுதியிருக்கும். பல வருடம் இந்தச் சீட்டை வைத்தே ஓட்டியிருக்கிறேன்.

பாடமாகச் சொன்னால் போதாதா? எதற்கு வண்ணம், பொம்மை, நாடகம் எல்லாம்?

உடன்படிக்கையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 13-ஆம் பிரிவு கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியது. பேச்சு, எழுத்து, அச்சு ஆகியவற்றோடு கலை வடிவத்தையும் அது பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆக, குழந்தை கிரேயானைக் கையில் எடுக்கும்போதே ஓர் உரிமையைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுகிறது. பாடம் அதற்கு அப்புறம்தான்.

நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. ஏழு வயதுப் பிள்ளையிடம் "உனக்குப் பாகுபாடு நடந்திருக்கிறதா?" என்று கேட்டால் முழிக்கும். "விளையாட்டில் உன்னைச் சேர்த்துக்கொள்ளாத நாளை வரை" என்றால் தாள் போதாமல் இன்னொன்று கேட்கும். சொல் கிடைக்காத விஷயத்துக்கும் அந்த வயதில் கோடு கிடைத்துவிடுகிறது.

உரிமை என்பது இரண்டு பேருக்கு நடுவே நடக்கிற விஷயம் என்பதையும் யோசிக்க வேண்டும். கேட்பவர் ஒருவர், கொடுக்க மறுப்பவரோ கொடுப்பவரோ இன்னொருவர். கரும்பலகையில் எழுதிப் போட்டால் அந்த இரண்டாவது ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாடகத்தில் அவர் எதிரே வந்து நிற்பார்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

மூன்று, நான்கு வயதிலேயே. ஆனால் அந்த வயதில் "உரிமை" என்ற சொல்லே வேண்டாம். "எனக்கு இது பிடிக்கலை", "நிறுத்து", "என் முறை எப்போ?" என்ற மூன்றும் பொம்மை வாயில் வந்தால் போதும். ஆறிலிருந்து ஒன்பது வரை "இது நியாயமா?" என்ற கேள்விதான் அவர்களுக்குப் பிடித்தமானது, எதற்கெடுத்தாலும் கேட்பார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மேல் விதி எங்கிருந்து வருகிறது, யார் போட்டது என்று துருவ ஆரம்பிப்பார்கள். உடன்படிக்கையின் வாசகங்களை அப்போது வெளியே எடுக்கலாம். பதின்ம வயதினருக்குப் பொம்மை கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கேமராவைக் கொடுங்கள், பத்திரிகை நடத்தச் சொல்லுங்கள்.

முதல் நாள் என்ன செய்வது? ஏதாவது ஒன்றை முழுசாகச் சொல்லுங்களேன்.

சரி, அட்டை விளையாட்டைச் சொல்கிறேன். எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். பல நாடுகளில் பல விதமாக நடத்துகிறார்கள். நான் நடத்தும் விதம் இது.

நான்கு பேர் கொண்ட குழுக்களாக உட்காரவையுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் இருபது வெற்று அட்டைகள். வாழ்வதற்கு என்னென்ன வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து, அட்டைக்கு ஒன்றாக வரையட்டும். அட்டைகளை நீங்களே அச்சடித்துக் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் பட்டியல் உங்களுடையதாகிவிடும். அப்புறம் பிள்ளைகள் எதற்காக அதைக் கட்டிக்காக்க வேண்டும்?

குடிநீர், வீடு, மருந்து, பள்ளி, நண்பர்கள், சைக்கிள், கைபேசி, விளையாட நேரம், அடி விழாமல் இருப்பது, புதுத்துணி, சொந்தமாக ஓர் அறை என்று கலந்துகட்டி வரும். எல்லோரும் ஒரு கப்பலில் புது ஊருக்குப் போவதாகக் கதை சொல்லுங்கள். நடுக்கடலில் கப்பல் தாழ்கிறது, ஐந்து அட்டைகளைத் தூக்கிப்போட வேண்டும். குழுவில் நான்கு பேரும் ஒப்புக்கொண்டால்தான் ஓர் அட்டை கடலில் விழும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ஐந்து. முதல் சுற்று சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும், இரண்டாவது சுற்றில் சண்டை வரும். அந்தச் சண்டைக்காகத்தான் இந்த விளையாட்டே.

ஒருமுறை ஒரு குழுவில் மூன்று பேர் கைபேசி அட்டையைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். நாலாவது பையன் அட்டைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். "இது ஆசைதானே, தேவை இல்லையே" என்று மற்றவர்கள் நியாயம் பேசினார்கள். அவன் விடவில்லை. "அப்பா வெளிநாட்டுல இருக்கார். இது போனா அப்பா போன மாதிரி" என்றான். மேசை அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி அட்டையைத் தன் பக்கம் இழுத்து, 'கைபேசி' என்பதை அடித்துவிட்டு 'அப்பாவோடு பேசுவது' என்று எழுதினாள். அட்டை கப்பலிலேயே தங்கியது.

பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்பில் இருப்பது குழந்தையின் உரிமை என்று உடன்படிக்கையின் 9-ஆவது, 10-ஆவது பிரிவுகள் சொல்கின்றன. அதை அன்று நான் சொல்லித்தரவில்லை. அவர்களாகவே போய்ச் சேர்ந்த இடத்துக்கு எண் மட்டும் கொடுத்தேன். ஆசையையும் தேவையையும் பிரிக்கும் கோட்டை நாம் போட்டுக் கொடுக்கக் கூடாது என்று எனக்குப் புரியவைத்ததும் அந்த அட்டைதான்.

'குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிப்போம்' என்று போஸ்டர் வரையச் சொல்கிறோம். அது போதாதா?

வரையட்டும், தப்பில்லை. ஆனால் எப்படி வரும் என்று எனக்கு இப்போதே தெரியும். கையில் செங்கல்லோடு ஒரு சிறுவன், பக்கத்தில் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி, கீழே முழக்கம். நாற்பது பேர் வரைந்தால் முப்பத்தைந்து அப்படித்தான் இருக்கும். பார்த்த போஸ்டரைப் பார்த்து வரைந்த போஸ்டர் அது. அதில் வரைந்த பிள்ளை எங்கேயும் இல்லை.

அதற்குப் பதிலாக வரைபடம் போடச் சொல்லிப் பாருங்கள். நான்கு சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்து, அவர்கள் தினமும் புழங்கும் இடத்தை மேலிருந்து பார்ப்பதுபோல வரையச் சொல்லுங்கள். பள்ளியாக இருக்கலாம், தெருவாக இருக்கலாம். அப்புறம் மூன்று வண்ணங்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமாகவோ கூச்சமாகவோ இருக்கும் இடத்துக்குச் சிவப்பு, நம்மை உள்ளே விடாத இடத்துக்கு மஞ்சள்.

ஒரு பள்ளியில் இப்படிச் செய்தபோது, வாசலில் வண்டிகள் போகும் சாலையில்தான் சிவப்பு குவியும் என்று பெரியவர்கள் எல்லோரும் நினைத்தோம். சாலையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளிதான் விழுந்தது. மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு மூலை முழுவதும் சிவப்பு. அதைவிட ஆச்சரியம், அறிவிப்புப் பலகையைச் சுற்றித் தாள் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்ட சிவப்பு வட்டங்கள். மதிப்பெண் பட்டியலைப் பெயரோடு ஒட்டும் இடம் அது. பிள்ளைகளின் சம்மதத்தோடு ஆசிரியர்களுக்கு அந்த வரைபடத்தைக் காட்டினோம். அடுத்த தேர்வில் பட்டியல் ஒட்டப்படவில்லை. 16-ஆம் பிரிவு, அந்தரங்க உரிமை என்று அதற்கு முன் எத்தனை முறை வாயால் சொல்லியிருப்பேன்!

என் பிள்ளைக்கு வரையவே வராது.

வெட்டி ஒட்டட்டும். களிமண்ணைப் பிசையட்டும். கூழாங்கற்களை வரிசையாக வைத்து "இது நான், இது என் கிளாஸ்" என்று காட்டட்டும். ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டும் உட்காரட்டும். "இன்று நான் இல்லை" என்று சொல்லும் வாய்ப்பை முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். கலந்துகொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே விடாமல், கருத்துச் சொல்லும் உரிமையைப் பற்றி வகுப்பெடுப்பதில் என்ன அர்த்தம்?

கைப்பொம்மையை எப்படிப் பயன்படுத்துவது?

பழைய காலுறை, இரண்டு பொத்தான், கொஞ்சம் நூல். பொம்மைக்குப் பெயர் வைப்பதையும் குழந்தைகளிடமே விட்டுவிடுங்கள். பெயரும் ஓர் உரிமை என்று பேச அங்கேயே ஒரு வழி கிடைத்துவிடும்.

முக்கியமான நுணுக்கம் ஒன்று: உங்கள் கையில் இருக்கும் பொம்மை எல்லாம் தெரிந்ததாக இருக்கக் கூடாது. அது குழம்பட்டும். "என் பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே இருக்கார், எனக்குப் பிடிக்கலை, ஆனா அவர் நல்லவர்தானே, நான் என்ன பண்ணட்டும்?" என்று அது கேட்டால், நாலு வயதுக் குழந்தைகள் போட்டிபோட்டு யோசனை சொல்வார்கள். தாங்கள் சொல்லித்தருகிறோம் என்ற பெருமையில் தாங்களே கற்றுக்கொள்வார்கள். அறிவுரை சொல்லும் பொம்மையைப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் கைவிட்டுவிடுவார்கள்.

நாடகம் போட்டால் வெறும் நடிப்போடு நின்றுவிடுகிறதே?

வசனம் எழுதிக் கொடுத்து ஒத்திகை பார்த்து மேடையேற்றினால் அப்படித்தான் ஆகும். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1970-களில் உருவாக்கிய ஃபோரம் தியேட்டர் முறையைப் பாருங்கள். பெரியவர்களுக்கென்று வந்த முறைதான் என்றாலும் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் அருமையாக எடுபடுகிறது.

ஐந்து நிமிடக் காட்சி ஒன்றைப் பிள்ளைகளே உருவாக்க வேண்டும். யாரோ ஒருவருக்கு அநியாயம் நடக்க வேண்டும், காட்சி கெட்டதாகவே முடிய வேண்டும். ஓர் உதாரணம்: அக்கா தம்பி இரண்டு பேருக்கும் மறுநாள் தேர்வு. வீட்டு வேலை முழுவதும் அக்காவின் தலையில். தம்பி படிக்கிறான், அக்கா படிக்க முடியாமல் தூங்கிப்போகிறாள். முடிந்தது. இப்போது அதே காட்சி முதலிலிருந்து. இந்த முறை பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து!" என்று கத்தலாம். கத்தியவர் எழுந்து வந்து அக்காவின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்க வேண்டும். எதிரே நடிப்பவர்கள் சுலபத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது, நிஜத்தில் எப்படி மறுப்பார்களோ அப்படி மறுக்க வேண்டும்.

முதலில் வரும் பிள்ளை கோபப்படும், எடுபடாது. இரண்டாவது வரும் பிள்ளை அழும், எடுபடாது. மூன்றாவது பிள்ளை தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசும். இப்படி ஏழெட்டு முயற்சி நடக்கும். அம்மா திடீரென்று மனம் திருந்திவிட்டதாக யாராவது காட்டினால், "இது மந்திரம், நிஜத்தில் நடக்காது" என்று மற்றவர்களே தடுத்துவிடுவார்கள். கேட்கத் தெரிந்திருப்பதும் யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்று தெரிந்திருப்பதும் உரிமையில் சேர்ந்தவை என்று இங்கேதான் பிள்ளைகளுக்குப் பிடிபடுகிறது.

இரண்டு எச்சரிக்கை. வகுப்பில் நிஜமாகவே கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்குக் கேலிக்கு ஆளாகும் வேடத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கேலி செய்யும் பிள்ளைக்குக் கேலி செய்யும் வேடமும் வேண்டாம். அப்புறம், முடிந்ததும் வேடத்தைக் கழற்ற வேண்டும். எழுந்து கைகால்களை உதறி, "நான் அந்தக் கொடுமைக்காரன் இல்லை, நான் இன்னார்" என்று சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டு உட்காரச் சொல்லுங்கள். சிரிப்பாக இருக்கும். ஆனால் அதை விட்டுவிட்டால் அன்று சாயங்காலமே வேடத்தின் பெயர் பட்டப்பெயராகிவிடும்.

உரிமை உரிமை என்று சொன்னால் பிள்ளைகள் எதிர்த்துப் பேச மாட்டார்களா? கடமையையும் சொல்லித்தர வேண்டாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான், சில சமயம் கோபத்தோடும் கேட்பார்கள்.

எதிர்த்துப் பேசுவார்கள், உண்மைதான். முதல் சில வாரம் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவார்கள். புதுச் செருப்பு போட்ட பிள்ளை தேவையில்லாமல் நடந்துகொண்டே இருப்பது மாதிரி. ஆனால் 12-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதைச் சரியாகப் பார்க்க வேண்டும். குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது. குழந்தை சொன்னதே முடிவு என்று எங்கேயும் இல்லை. "நீ சொன்னதைக் கேட்டேன், ஆனால் இந்தக் காரணத்தால் வேறு முடிவெடுக்கிறேன்" என்று பெரியவர் சொன்னாலும் பிரிவு மீறப்படவில்லை. பெரும்பாலான வீடுகளில் இல்லாமல்போவது அந்தக் காரணம்தான்.

5-ஆம் பிரிவு பெற்றோரின் வழிகாட்டலை மதிக்கிறது. கல்வியின் நோக்கங்களைச் சொல்லும் 29-ஆம் பிரிவில் பெற்றோர் மீதும் சொந்தப் பண்பாட்டின் மீதும் மொழியின் மீதும் மரியாதையை வளர்ப்பதும் சேர்ந்தே இருக்கிறது. இதைக் காட்டினால் பல அப்பாக்களின் முகம் கொஞ்சம் தளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

கடமை? ஐ.நா. உடன்படிக்கையில் குழந்தையின் கடமைகள் என்று தனிப் பட்டியல் இல்லை. 1990-இல் வந்த ஆப்பிரிக்கக் குழந்தை உரிமைச் சாசனத்தில் உண்டு, அதன் 31-ஆம் பிரிவு. என் வழக்கம் என்னவென்றால், "உன் கடமையைச் செய்தால்தான் உனக்கு உரிமை" என்று சொல்லவே மாட்டேன். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கும் அடிவாங்காமல் இருக்கும் உரிமை உண்டு, இல்லையா? அதற்குப் பதிலாக, "உனக்கு இருப்பது பக்கத்தில் இருப்பவளுக்கும் இருக்கிறது" என்று சொல்வேன். கத்திப் பேசும் பிள்ளைக்கு அது போதும்.

இதை ஒருவர் நூறு வருடங்களுக்கு முன்பே செய்து காட்டியிருக்கிறார். யானுஷ் கோர்ச்சாக், போலந்து மருத்துவர். வார்சாவில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் நடத்தியவர். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இருந்தது. அதன் சட்டத்தில் முதல் 99 பிரிவுகள் மன்னிப்பதற்கோ வழக்கைத் தள்ளுபடி செய்வதற்கோதான். பெரியவர்கள் மீதும் வழக்குப் போடலாம்; கோர்ச்சாக்கே அந்தக் கூண்டில் நின்றிருக்கிறார். 1926-இல் குழந்தைகளே எழுதும் ஒரு செய்தித்தாளையும் தொடங்கினார். 1942-இல் தன் இல்லத்துக் குழந்தைகளை விட்டுப் பிரிய மறுத்து, அவர்களோடு நாஜிகளின் திரெப்ளிங்கா வதைமுகாமில் உயிர்விட்டார். குழந்தை உரிமைகளுக்கு உடன்படிக்கை வேண்டும் என்று 1978-இல் ஐ.நா.வில் முதல் வரைவை வைத்த நாடு போலந்து என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவருடைய முறையைச் சின்ன அளவில் நீங்களும் செய்யலாம். வாரம் ஒருமுறை அரை மணி நேரம், சண்டைகளை எழுதிப்போட ஒரு பெட்டி, சீட்டுக் குலுக்கி மூன்று நீதிபதிகள். ஒரே நிபந்தனை, உங்கள் மீது புகார் வந்தால் நீங்களும் பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தயார் இல்லையென்றால் பெட்டியே வைக்காதீர்கள்.

படத்திலோ பேச்சிலோ ஒரு குழந்தை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டால்?

இதற்கான ஏற்பாடு முதல் நாளுக்கு முன்பே இருக்க வேண்டும். உங்கள் நாட்டின் குழந்தைகள் உதவி எண் எது, உங்கள் நிறுவனத்தில் யாரிடம் தெரிவிக்க வேண்டும், சட்டம் உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதெல்லாம் கையில் இல்லாமல் வண்ணப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

படத்தை வைத்து நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். கறுப்பு வண்ணம் அதிகம், கை இல்லாத மனிதன், ஜன்னல் இல்லாத வீடு என்பதெல்லாம் எதற்கும் சாட்சி ஆகாது. சில நேரம் கறுப்பு கிரேயான் மட்டும்தான் மிச்சம் இருந்திருக்கும். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்றியா?" என்ற ஒரு கேள்வி போதும். சொல்ல விருப்பம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சொல்ல ஆரம்பித்தால் கேளுங்கள். நடுவே துருவித் துருவிக் கேட்காதீர்கள், அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்துவிடாதீர்கள், அந்தச் சத்தியத்தை உங்களால் காப்பாற்ற முடியாது. "நீ சொன்னது நல்லது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. உனக்கு உதவக்கூடிய ஒருவரிடம் நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்பதைத்தான் சொல்ல வேண்டும். குழந்தையின் வார்த்தைகளை அப்படியே, உங்கள் விளக்கம் சேர்க்காமல், தேதி போட்டு எழுதி வையுங்கள். அன்றே தெரிவியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய் விசாரிக்காதீர்கள். குழந்தைக்கு ஆபத்து அதிகமாகலாம். மற்ற பெற்றோரிடம், நண்பர்களிடம், பெயரை மறைத்துக்கூட, பேச வேண்டாம்.

பிள்ளைகளின் படங்களை, ஃபோட்டோக்களை இணையத்தில் போடலாமா?

குழந்தையைக் கேளுங்கள், பெற்றோரையும் கேளுங்கள். இரண்டு பேரும் சரி என்றாலும் முகம், பள்ளிச் சீருடை, முழுப்பெயர் மூன்றையும் ஒன்றாகப் போடாதீர்கள். டிஜிட்டல் உலகிலும் குழந்தைக்கு இதே உரிமைகள்தான் என்று ஐ.நா.வின் குழந்தை உரிமைக் குழு 2021-இல் தனியாக ஒரு பொதுக்கருத்துரையே வெளியிட்டிருக்கிறது. நன்கொடையாளருக்கு அனுப்ப ஃபோட்டோ வேண்டும் என்றால் படம் வரையும் கைகளை எடுத்து அனுப்புங்கள்.

போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் ஆர்வம் வருமே?

வரும், பரிசின் மேல். உரிமையைப் பற்றி வரைந்ததற்கு மூன்றாம் பரிசு என்றால், அந்தக் குழந்தை சொன்ன விஷயம் மூன்றாம் தரமானது என்றா பொருள்? என்னைக் கேட்டால் வேண்டாம்.

ஆண்டு விழாவில் பிள்ளைகளை மேடையேற்றி உரிமை பற்றிப் பேச வைக்கிறோம். அது பங்கேற்புதானே?

யார் எழுதிய பேச்சு என்பதைப் பொறுத்தது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழிருந்து முதல் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பெரியவர் எண்ணத்தைக் குழந்தையின் வாயில் போடுவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குப் பேசவைப்பது என்பவை அந்த மூன்று. நம் மேடைகளில் பல அந்த மூன்றுக்குள்தான் அடங்கும். என்னுடையவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. என்ன பேசுவது, யார் பேசுவது, மேடை வேண்டுமா இல்லை சுவரில் எழுதிவிடலாமா என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்கட்டும்.

மாற்றுத்திறன் உள்ள குழந்தைகளை எப்படிச் சேர்ப்பது?

செயல்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே யோசிக்க வேண்டும், கடைசியில் ஒட்டுப்போட்டால் தெரிந்துவிடும். பார்வையில்லாத பிள்ளை இருந்தால் வரைபடத்தை நூலும் மணலும் துணித் துண்டும் ஒட்டித் தொட்டுப் பார்க்கும்படி எல்லோரும் செய்யலாம். கேட்கும் திறன் இல்லாத பிள்ளை இருந்தால் பேச்சே இல்லாத ஊமை நாடகம். இதில் மற்ற பிள்ளைகளுக்கு எந்த நஷ்டமும் இல்லை, சொல்லப்போனால் வேலை இன்னும் சுவாரசியமாகிறது. சத்தமும் கூட்டமும் தாங்காத குழந்தைகளுக்கு ஒரு மூலையில் தனிப் பாய், யாரையும் கேட்காமல் அங்கே போகலாம் என்ற அனுமதியோடு.

வீட்டில் ஒரே ஒரு பிள்ளைதான். நாங்கள் என்ன செய்வது?

வீட்டு விதிகளைச் சேர்ந்து எழுதுங்கள். ஒரு பெரிய தாளில், எல்லோரும் கையெழுத்தோ கைரேகையோ போட்டு. பெரியவர்களுக்கும் அதில் விதி இருக்க வேண்டும்: "கதவைத் தட்டிவிட்டு உள்ளே வரணும்", "மத்தவங்க முன்னாடி என்னைப் பத்தி குறை சொல்லக் கூடாது" என்றெல்லாம் வரும், கொஞ்சம் சுடத்தான் செய்யும். மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து மாற்றுங்கள். அப்புறம், ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் நேரத்தையும் விட்டு வையுங்கள். ஓய்வும் விளையாட்டும் 31-ஆம் பிரிவில் உரிமை என்றே இருக்கிறது. உரிமை கற்பிக்கிறேன் என்று அந்த நேரத்தையும் நாம் எடுத்துக்கொண்டால் கதை வேறாகிவிடும்.

பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேர்வு வைத்துத் தெரியாது. பிரிவு எண்களைக் கடகடவென்று ஒப்பித்த பிள்ளை அடுத்த நிமிடமே பக்கத்துப் பிள்ளையின் படத்தைப் பிடுங்கிச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். கவனிக்க வேண்டியது வேறு இடத்தில். விளையாட்டில் விதியை மாற்றும்போது எல்லோரையும் கேட்கிறார்களா? ஒருவர் "வேண்டாம்" என்றால் கை பின்வாங்குகிறதா? உங்களிடம் "ஏன்?" என்று கேட்கும்போது குரலில் பயம் குறைந்திருக்கிறதா?

ஒரு சனிக்கிழமை, எல்லோரும் வருவதற்கு முன்னால் அறைச் சுவர் முழுக்கப் பிள்ளைகளின் படங்களை ஒட்டி வைத்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, நேராக என்னிடம் வந்தாள். "அக்கா, அது என் படம். ஒட்டலாமான்னு என்கிட்ட நீங்க கேட்கவே இல்லையே?" 16-ஆம் பிரிவை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கழற்றிக் கொடுத்தேன். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் மற்ற ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டியதாயிற்று. இன்னும் இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவன் ஒட்டலாம், ஆனால் தலைகீழாக என்றான்.